தள்ளு ரீல் மோவர்: புல் படுக்குது, வெட்டல. சாணை பிடிக்கணுமா?

புதுப்புல் | ஜூன் 2, காலை 7.10

கையால் தள்ளுற ரீல் மோவர் (அச்சைச் சுத்தி பிளேடு வச்ச புல் வெட்டுற மெஷின், அந்தச் சுத்துற பாகம்தான் ரீல்), 5 பிளேடு, 40 செ.மீ. அகலம். வாங்கி ஒரு சீசன் ஆச்சு. ஆரம்பத்துல நல்லா வெட்டுச்சு. இப்ப தள்ளினா பாதி புல் படுத்துட்டு பின்னாடி எழுந்து நிக்குது. இடது ஓரம் வெட்டுது, வலது ஓரம் மெல்லுது. பிளேடு மழுங்கிடுச்சுன்னு நினைக்கிறேன். கழட்டி சாணை பிடிக்கிறவர்கிட்ட கொடுத்தா சரியாகுமா? அரம் வச்சு நானே தீட்டலாமா?

அரம் | ஜூன் 2, காலை 9.45

ரெண்டும் வேண்டாம். அரத்தை முதல்ல தூர வைங்க.

ஒரு சீசன்ல பிளேடு சாதாரணமா மழுங்காது. இடது வெட்டுது, வலது மெல்லுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. ரெண்டு பக்கமும் ஒரே இரும்பு, ஒரே புல். ஒரு பக்கம் மட்டும் மழுங்குறது அபூர்வம். வலது பக்கம் ரீலுக்கும் அடிக்கத்திக்கும் நடுவுல இடைவெளி விழுந்திருக்கு, அவ்வளவுதான். ஸ்குரூ திருகினா தீர்ற விஷயம்.

அடிக்கத்தின்னா ரீலுக்குக் கீழ, பின்பக்கமா அசையாம இருக்குற பட்டை. பெட் நைஃப்னு சொல்வாங்க. சுத்துற பிளேடு தனியா எதையும் வெட்டாது. புல்லை வாரி இந்தப் பட்டையோட விளிம்புல கொண்டுபோய் வைக்கிறதுதான் அதோட வேலை. ரெண்டும் உரசுற இடத்துலதான் வெட்டு. கத்தரிக்கோலோட திருகாணி லூஸானா துணி மடங்கி உள்ள போகுமே, அதேதான் உங்க புல்லுக்கும் நடக்குது.

அரம் | ஜூன் 2, காலை 10.20

இடைவெளி எங்க இருக்குன்னு தாளை வெட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கணும். அந்தத் தாள் சோதனை எப்படின்னு சொல்லாம விட்டுட்டேன்.

தோல் கையுறை கட்டாயம். ஒரு பிளேடைத் திருப்பினா மத்த எல்லாமும் சேர்ந்து சுத்தும். ஒரு கையால பிளேடைத் தள்ளும்போது இன்னொரு கை விரல் அடிக்கத்திப் பக்கம் இருக்கவே கூடாது. குச்சியால தள்ளுறது இன்னும் நல்லது.

மெஷினைக் கவிழ்த்து வைங்க. காய்ஞ்ச புல்லு, மண்ணு எல்லாத்தையும் பிரஷ்ஷால தட்டுங்க. அடிக்கத்தி மேல ஒட்டின பச்சைப் பசை காய்ஞ்சு கல்லு மாதிரி இருக்கும். அது போகாம செட்டிங் பார்த்தா வீண். செய்தித்தாளை 2 விரல் அகலத்துக்குத் துண்டுபோடுங்க. துண்டை அடிக்கத்தி விளிம்புக்கு நேர்க்குத்தா நீட்டி, ரீலை வெட்டுற திசையில மெதுவாத் திருப்புங்க. இடது, நடு, வலதுன்னு 3 இடம், ஒவ்வொரு பிளேடுக்கும். 5 பிளேடுன்னா 15 வெட்டு. எது வெட்டுச்சு, எது மடக்குச்சுன்னு ஒரு தாள்ல குறிச்சுக்குங்க. மனசுல வச்சுக்கலாம்னு நினைச்சா நாலாவது பிளேடுக்குள்ள குழம்பிடும்.

அப்புறம் ஸ்குரூ. பெரும்பாலான மாடல்ல அடிக்கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் ரெண்டு ஸ்குரூ, முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு. ஒண்ணு பட்டையை ரீல் பக்கம் தள்ளும், இன்னொண்ணு எதிர்ப்பக்கம் தள்ளிப் பிடிச்சுக்கும். ஒண்ணை எவ்வளவு லூஸ் பண்றீங்களோ அவ்வளவே மத்ததை டைட் பண்ணணும். ஒரு தடவைக்கு எட்டுல ஒரு சுத்து, அதுக்கு மேல போகாதீங்க. திருகினதும் ரீலை முழுசா ஒரு சுத்து விட்டுப் பாருங்க, மறுபடி தாள் வைங்க. வலது பக்கம் திருகினா இடதும் கொஞ்சம் நகரும். அதனால மாத்தி மாத்திப் போய் வரணும்.

புதுப்புல் | ஜூன் 2, இரவு 8.30

செஞ்சேன். வலது பக்கம் ரெண்டு தடவை எட்டுல ஒரு சுத்து. 15 இடத்துலயும் தாள் வெட்டுது. ஆனா தள்ளும்போது முன்னாடி இல்லாத சத்தம் வருது, கொஞ்சம் கனமாவும் இருக்கு. இது சரிதானா?

அரம் | ஜூன் 2, இரவு 9.05

சத்தத்தை வச்சே சொல்லலாம். மெல்லிசா 'ஸ்ஸ்க் ஸ்ஸ்க்'னு சீரா வந்தா சரி. கிறீச்சினாலோ, ரீலைக் கையால ஒரு தட்டு தட்டினா அரைச் சுத்துலயே நின்னுபோனாலோ டைட் அதிகம். டைட்டா ஓட்டினா தள்ளுறதும் சிரமம், ரெண்டு இரும்பும் ஒண்ணையொண்ணு தின்னும். பிளேடு மழுங்குறதுக்கு முக்கியக் காரணமே இதுதான், புல் இல்ல. திருகினதுல பாதியைத் திரும்ப விட்டுட்டு தாள் வச்சுப் பாருங்க.

சாணைக்கல் | ஜூன் 3, காலை 6.50

மேலே உரசணும்னு சொன்னது எல்லா மெஷினுக்கும் பொருந்தாது. இப்ப வர்ற சில மாடல்ல பிளேடும் அடிக்கத்தியும் தொடவே கூடாது. சுமார் 0.05 மி.மீ. இடைவெளி விட்டுத்தான் ஃபேக்டரியிலேயே செட் பண்ணி அனுப்புறாங்க. அதைப் போய் உரச வச்சா மெஷின் கனமாகும், விளிம்பும் போகும். கையேட்டுல எந்த வகைன்னு போட்டிருக்கும். பார்க்காம ஸ்குரூ தொடாதீங்க.

அரம் | ஜூன் 3, காலை 8.15

சரியான திருத்தம். தொடாத வகைக்கும் தாள் சோதனை உதவும், ஆனா தாள் எதுன்னு பார்க்கணும். செய்தித்தாள் ஏறக்குறைய 0.07 மி.மீ. தடிமன், பிரிண்டர்ல போடுற 80 ஜிஎஸ்எம் தாள் 0.1 மி.மீ. ரீல் சத்தமே இல்லாம சுத்தி, செய்தித்தாளைச் சுத்தமா வெட்டினா அந்த வகைக்கு அதுக்கு மேல எதுவும் செய்ய வேண்டாம். பிரிண்டர் தாளை வெட்டி, செய்தித்தாளை மடக்கினா துளி இறுக்கலாம். புல் இலை ரெண்டைவிடவும் தடிமன்தான், அதனால பயந்து ரொம்ப இறுக்காதீங்க.

15 வெட்டையும் குறிக்கச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. ஒரே பிளேடு மட்டும் எங்க வச்சாலும் வெட்டலன்னா, அந்தப் பிளேடு வளைஞ்சிருக்கு. எல்லாப் பிளேடும் ஒரு குறிப்பிட்ட இடத்துல மட்டும் தவறினா, அடிக்கத்தியில அந்த இடத்துல பள்ளம். ரெண்டு ஓரமும் வெட்டி நடுவுல மட்டும் மடங்கினா அடிக்கத்தி நடுவுல தேய்ஞ்சிருக்கு. இந்த மூணையும் ஸ்குரூ தீர்க்காது. ஒரு பக்கமே சரியில்லன்னா மட்டும்தான் ஸ்குரூ கதை.

இன்னொண்ணு: திருகுறதுக்கு முன்னால ரீலைப் பிடிச்சு மேல கீழ ஆட்டிப் பாருங்க. லொட லொடன்னு ஆடினா ரீல் அச்சைத் தாங்குற பேரிங்கோ புஷ்ஷோ போயிடுச்சு. காலையில செட் பண்ணினது சாயங்காலம் தங்காது. முதல்ல அதை மாத்தணும்.

மேடுபள்ளம் | ஜூன் 3, மதியம் 1.30

என் செட்டிங் சரியாத்தான் இருக்கு, 15-க்கு 15. ஆனாலும் வெட்டின இடம் அலை அலையா, வரி வரியா தெரியுது. வேகமா தள்ளினா நைஸா வெட்டும்னு ஓடிக்கிட்டே தள்ளிப் பார்த்தேன். வரி அப்படியே இருக்கு, மூச்சுதான் வாங்குது.

அரம் | ஜூன் 3, மாலை 5.40

ஓடினாலும் நடந்தாலும் அந்த வரி மாறாது. மோட்டார் இல்லாத மெஷின்ல ரீலைச் சுத்துறது சக்கரம். சக்கரம் எவ்வளவு உருண்டுச்சோ அவ்வளவுதான் ரீல் சுத்தும். ஒரு மீட்டருக்கு இத்தனை வெட்டுங்கிறது கியர்லயே முடிவான கணக்கு. வேகம் தர்றது உந்து மட்டும்தான். தடிச்ச தண்டு வந்தா நிக்காம போகும், அவ்வளவு.

கணக்குப் போட்டுப் பாருங்க. சக்கர விட்டம் 25 செ.மீ.னா சுற்றளவு 78.5 செ.மீ. சக்கரம் ஒரு சுத்து சுத்தினா ரீல் 5 சுத்துன்னு வச்சுப்போம். 5 பிளேடுக்கு 25 வெட்டு. 78.5-ஐ 25-ஆல வகுத்தா 3.1 செ.மீ. அதாவது ஒவ்வொரு 3.1 செ.மீ.க்கும் ஒரு வெட்டு விழுது. அதே கியர்ல 7 பிளேடு இருந்தா 35 வெட்டு, 2.2 செ.மீ.

இந்த தூரம் வெட்டு உயரத்தோட ஏறக்குறைய ஒத்துப்போகணும். நீங்க 1.5 செ.மீ. உயரத்துக்கு இறக்கி வச்சு, வெட்டு 3.1 செ.மீ.க்கு ஒண்ணுன்னு விழுந்தா ரெண்டு வெட்டுக்கு நடுவுல புல் மேடா நிக்கும். அதுதான் உங்க வரி. 5 பிளேடு மெஷினை 3 செ.மீ.க்கு ஏத்துங்க, வரி மறையும். ரொம்பத் தாழ்வா வேணும்னா பிளேடு எண்ணிக்கை கூடின மெஷின் வேணும்.

சக்கர விட்டம், பிளேடு எண்ணிக்கை அளந்துட்டு, சக்கரத்துல சாக்பீஸ் கோடு போட்டு ஒரு சுத்துக்கு ரீல் எத்தனை சுத்துதுன்னு எண்ணினா உங்க மெஷின் கணக்கு கிடைச்சிடும்.

சாணைக்கல் | ஜூன் 3, மாலை 6.10

வரிக்கு இன்னொரு காரணம் பின்னால இருக்குற உருளை. அது தரையைவிட்டுத் துள்ளினா அடிக்கத்தி ஏறி இறங்கும், வெட்டும் ஏறி இறங்கும். கைப்பிடியைத் தூக்கிப் பிடிச்சுத் தள்ளுறவங்களுக்கு இது வரும். கை இடுப்பு உயரத்துல இருக்கட்டும், தள்ளு முன்னால போகட்டும், மேல போகக் கூடாது.

மேடுபள்ளம் | ஜூன் 3, இரவு 9.15

உயரம் ஏத்துன்னா உருளையை மேல தூக்கணுமா, கீழ இறக்கணுமா? மேல தூக்கினேன், இன்னும் தாழ்வா வெட்டுது.

அரம் | ஜூன் 3, இரவு 9.30

உருளை கீழே போனா மெஷினோட பின்பக்கம் எழும்பும், அடிக்கத்தியும் எழும்பும். உருளை கீழே, வெட்டு மேலே. ரெண்டு பக்கமும் ஒரே துளையில மாட்டுங்க, ஒண்ணு தவறினா லான் சாய்வாகும். மாட்டினபிறகு சமதரையில வச்சு அடிக்கத்தி விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு இருக்குன்னு ஸ்கேல்ல ரெண்டு ஓரமும் அளந்துக்குங்க. துளைக்குப் பக்கத்துல பொறிச்ச எண்ணை நம்பாதீங்க.

பச்சைத்தரை | ஜூன் 5, காலை 10.00

ஊருக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள முழங்கால் வரைக்கும் வளர்ந்துடுச்சு. ரீல் மோவர்ல வெட்ட முடியுமா, முடியாதா? ஒரு வரியில சொல்லுங்க.

அரம் | ஜூன் 5, காலை 10.25

முடியாது.

அரம் | ஜூன் 5, காலை 11.10

சரி, காரணத்தோட. ரீலோட அச்சு எந்த உயரத்துல இருக்கோ, ஏறக்குறைய அதுக்குக் கீழ இருக்குற புல்லைத்தான் பிளேடு பின்னால வாரும். அதைவிட உயரமான புல்லை மெஷினோட முன் கம்பியும் ரீலோட மேல்பாதியும் முன்னால சாய்ச்சிடும். படுத்த புல் மேல மெஷின் ஏறிப் போயிடும்.

முதல்ல கத்தரியோ அரிவாளோ வச்சு 8 செ.மீ. சுமாருக்குக் கொண்டு வாங்க. வெட்டினதை வாரி எடுங்க. அப்புறம் மெஷினை இருக்குறதுலயே உயரமா வெட்டுற துளையில போட்டு ஒரு தடவை, ரெண்டு மூணு நாள் விட்டு அடுத்த துளை. ஒரே வெட்டுல இலையில மூணுல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது. போனா கீழ இருக்குற வெளிறின தண்டுதான் மிஞ்சும், வெயில்ல கருகும்.

ரீல் மோவர் வச்சிருக்குறவங்க வாரம் ஒரு தடவை வெட்டித்தான் ஆகணும், நல்லா வளர்ற காலத்துல வாரம் ரெண்டு. அது முடியாதவங்களுக்கு இந்த மெஷின் லாயக்கில்ல. மெஷின் மேல பழிபோட்டுப் பிரயோஜனம் இல்ல. எனக்குத் தெரிஞ்சு இந்த மாதிரி மெஷின் மேல வர்ற புகார்ல முக்கால்வாசி ஒண்ணு செட்டிங், இல்லன்னா நாள் கடத்துனது. மழுங்கல் கடைசி.

பச்சைத்தரை | ஜூன் 5, மதியம் 12.40

அருகம்புல்லா இருந்தா? பூத்தண்டு மட்டும் கம்பி கம்பியா நிக்குது, எத்தனை தடவை போனாலும்.

சாணைக்கல் | ஜூன் 5, மதியம் 2.05

பூத்தண்டு எந்த ரீலுக்கும் தண்ணி காட்டும். தண்டு ஒல்லி, விறைப்பு, இலை இல்ல. பிளேடு தொட்டதும் வளைஞ்சு பின்னால நழுவிடும். முதல்ல போன திசைக்கு எதிர்த்திசையில ஒரு தடவை, குறுக்கா ஒரு தடவை போனா பாதி விழும். மிச்சத்தைக் கையாலதான் கத்தரிக்கணும். தண்டு விடுறதுக்கு முன்னாடியே வெட்டிக்கிட்டே இருந்தா பிரச்சினை வராது. அருகு படர்ந்து அடர்த்தியாயிட்டா 5 பிளேடைவிட 7 பிளேடு நல்லா வெட்டும், ஆனா தள்ளக் கனம். கோரை மென்மையான தண்டு, சுலபமா விழும். ஆனா நாலே நாள்ல புல்லுக்கு மேல தலைதூக்கிடும், அது மெஷின் குத்தம் இல்ல.

புதுப்புல் | ஜூன் 6, காலை 8.00

பாதி லூஸ் பண்ணினேன், இப்ப வெண்ணெய். ஆனா ஒரு சுள்ளி மாட்டி மெஷின் சட்டுனு நின்னு கைப்பிடி வயித்துல குத்துச்சு பாருங்க...

சாணைக்கல் | ஜூன் 6, காலை 8.20

இந்த மெஷினுக்கு 1830-ல இங்கிலாந்துல பேட்டன்ட் வாங்கின எட்வின் பட்டிங், துணி மில்லுல கம்பளித் துணியோட பிசிறை வெட்டுற மெஷினைப் பார்த்துத்தான் புல்லுக்கு இதைச் செஞ்சார். கனவான்கள் தாங்களே தள்ளினா வேடிக்கையான, ஆரோக்கியமான உடற்பயிற்சியா இருக்கும்னு பேட்டன்ட்லயே எழுதி வச்சார். சுள்ளியைப் பத்தி எழுதல. மில்லுல சுள்ளி ஏது?

அரம் | ஜூன் 6, காலை 9.00

பென்சில் தடிமன் போதும், நின்னுடும். வெட்டுறதுக்கு முன்னாடி தரையை ஒரு சுத்து நடந்து பொறுக்கிடுங்க. மாட்டினா முன்னால முட்டித் தள்ளாதீங்க, பிளேடு வளையுறதே அப்பதான். பின்னால ஒரு அடி இழுங்க, பெரும்பாலும் தானா விழுந்துடும். விழலன்னா குச்சியால தட்டி எடுங்க. விரலைவிட்டு எடுக்காதீங்க: நெரிஞ்சு நிக்குற சுள்ளியை எடுத்த நொடியில ரீல் கொஞ்சம் தானாகவே திரும்பும், விரல் போக அது போதும்.

சின்னக் கல்லு மாட்டினா பிளேடு விளிம்புல பிசிர் எழும்பும், சுத்தும்போது ஒரே இடத்துல 'டிக் டிக்'னு தட்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் அரம் எடுக்கலாம். பிசிரை மட்டும் சீவி எடுங்க. பிளேடு விளிம்பைக் கத்தி மாதிரிக் கூராக்காதீங்க. உத்துப் பார்த்தா அந்த விளிம்பு கூர் இல்ல, ஒரு மி.மீ. அளவுக்குத் தட்டையா இருக்கும். எல்லாப் பிளேடோட தட்டை விளிம்பும் சேர்ந்து ஒரே உருளையா இருந்தாத்தான் அடிக்கத்தியோட முழு நீளத்துக்கும் ஒட்டும். ஒண்ணைக் கொஞ்சம் அதிகம் தேய்ச்சா அது உருளையை விட்டு உள்ள போயிடும். கத்தி சாணை பிடிக்கிறவர்கிட்ட கொடுக்க வேண்டாம்னு முதல் நாளே சொன்னதுக்குக் காரணம் இதுதான்.

மேடுபள்ளம் | ஜூன் 8, மாலை 4.30

அப்ப உண்மையிலேயே மழுங்கினா என்னதான் செய்யுறது?

அரம் | ஜூன் 8, இரவு 7.50

செட்டிங் சரி, பேரிங் சரி, தாள் வெட்டாம கிழியுது, விளிம்பைத் தொட்டா உருண்டையா இருக்குன்னா அரைக்குற தூள் கலந்த பேஸ்ட் போட்டு ரீலைப் பின்னோக்கிச் சுத்தணும். பேக்லேப்பிங்னு பேர். வெட்டுற திசையில சுத்தினா பேஸ்ட் விளிம்பை உருட்டிடும், அதனால பின்னோக்கி.

80 கிரிட் (தூளோட பருமன், எண் கூடினா நைஸ்) பேஸ்ட் பொதுவான வேலைக்கு, 120 கடைசி மெருகுக்கு. இன்ஜின் வால்வுக்குப் போடுற பேஸ்ட்டும் நடக்கும். ஆனா தண்ணியில கரையுற வகையா பாருங்க, எண்ணெய் வகையைக் கழுவுறதுக்குள்ள போதும் போதும்னு ஆகிடும்.

சக்கர மூடியைக் கழட்டினா அச்சு நுனியில ஒரு லாக் இருக்கும். அதை எடுத்தா சக்கரம் வரும், உள்ள பினியன்ங்கிற சின்னப் பல்சக்கரம், அதுக்கும் ஒரு லாக், பினியனுக்குள்ள அச்சு ஓட்டையில ஒரு சின்ன உலோகத் துண்டு, அதுதான் ராட்செட் கீ, ஒரு திசையில மட்டும் ரீலைப் பிடிச்சுச் சுத்தும். லாக் தெறிச்சு ஓடும், மேல துணியைப் போட்டு எடுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துட்டு, பினியன்ல மார்க்கரால 'இ', 'வ'ன்னு எழுதுங்க.

கிராங்க் கைப்பிடி இருந்தா ரீல் அச்சுல நேரா மாட்டிச் சுத்தலாம். இல்லன்னா இடது பினியனை வலதுலயும் வலதை இடதுலயும் கீயோட மாத்திப் போட்டு சக்கரத்தை மாட்டிடுங்க. மெஷினைக் கவிழ்த்து வச்சு சக்கரத்தைக் கையால பின்னோக்கிச் சுத்தினா ரீலும் பின்னோக்கி, கியர் விகிதத்துல வேகமா சுத்தும்.

அடிக்கத்தியை லேசா உரசுற அளவுக்கு வைங்க. பிளேடு விளிம்புல பிரஷ்ஷால பேஸ்ட் தடவுங்க, கையால வேண்டாம். சுத்தும்போது மணல் அரைக்குற சத்தம் வரும். சத்தம் குறைஞ்சா பேஸ்ட் செத்துப்போச்சு, இன்னும் கொஞ்சம் தடவி துளி இறுக்குங்க. அவசரமே வேண்டாம், 10 நிமிஷம் சுத்திட்டு ஒரு பிளேடைத் துடைச்சுப் பாருங்க. விளிம்பு முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி மங்கின சாம்பல் பட்டையா தெரிஞ்சா முடிஞ்சது. நடுவுல எங்கயாவது பழைய பளபளப்பு மிச்சம் இருந்தா அந்த இடம் இன்னும் தொடல.

அப்புறம் கழுவுறது. ஒரு துளி பேஸ்ட் பேரிங்ல தங்கினாலும் அது அங்கயும் அரைச்சுக்கிட்டே இருக்கும். பிரஷ், தண்ணி, துணி, வெயில். கடைசியா மறுபடி தாள் சோதனை, செட்டிங்.

சாணைக்கல் | ஜூன் 8, இரவு 8.30

ஒரு எல்லை சொல்லணும். பேஸ்ட் ஒரு மி.மீ.ல பத்துல ஒரு பங்குகூட எடுக்காது. ஆழமான வெட்டு, ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்த ரீல், நடுவுல தேய்ஞ்ச அடிக்கத்தி, இதெல்லாம் பேஸ்ட்டுக்கு அடங்காது. ரீல் கிரைண்டர் வச்சிருக்குற பட்டறையில மொத்த ரீலையும் சுத்தவிட்டு உருளையா அரைப்பாங்க. அடிக்கத்தியை மாத்திடுறது சுலபம், நாலஞ்சு ஸ்குரூதான். துரு பிடிச்சிருந்தா முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊற வைங்க, இல்லன்னா ஸ்குரூ தலை போயிடும்.

பச்சைத்தரை | ஜூன் 9, காலை 7.00

எண்ணெய் எங்க, எவ்வளவு?

அரம் | ஜூன் 9, காலை 7.30

ரீலோட ரெண்டு முனை பேரிங்லயும் 2-3 துளி மெல்லிசான மெஷின் ஆயில், மாசம் ஒரு தடவை. வேலை முடிஞ்சதும் பிளேடையும் அடிக்கத்தியையும் உலர்ந்த பிரஷ்ஷால தட்டிட்டு எண்ணெய்த் துணியால ஒரு இழுப்பு. சக்கரத்துக்குள்ள கிரீஸை அள்ளி அப்பாதீங்க. புல் தூசி சேர்ந்து களியாகி ராட்செட் கீயைப் பிடிச்சுக்கும், கீ நகராது, ரீல் சுத்தாது. பனி ஈரம் காய்ஞ்சபிறகு வெட்டுங்க. ஈரத்துல சக்கரம் சறுக்கும், சறுக்கின தூரத்துக்கு ரீல் சுத்தாது.

சுவரோரம் எப்படியும் மிச்சம் விழும். சக்கரம் ரீலுக்கு வெளியே இருக்கு, அதுக்கு வழி கைக்கத்தரிதான்.

மேடுபள்ளம் | ஜூன் 10, மாலை 6.15

பேஸ்ட் போட்டேன், கழுவினேன், மாட்டினேன். முன்னால தள்ளினா ரீல் சும்மா இருக்கு, டிக் டிக்னு சத்தம் மட்டும். பின்னால இழுத்தா சுத்துது!

அரம் | ஜூன் 10, மாலை 6.25

பினியனைத் திரும்ப இடம் மாத்தாமயே மூடிட்டீங்க. 'இ', 'வ' எழுதினீங்களா?

மேடுபள்ளம் | ஜூன் 10, மாலை 6.40

எழுதினேன். மண்ணெண்ணெயில கழுவினேன், அழிஞ்சுபோச்சு.

அரம் | ஜூன் 10, இரவு 7.00

மார்க்கருக்குப் பதிலா ஆணியால கீறச் சொல்லியிருக்கணும். பரவாயில்ல, ரெண்டு பக்கத்தையும் இடம் மாத்துங்க, கீயோட. ஒரு பக்கம் மட்டும் மாத்திட்டு ஓட்டாதீங்க, ஒரு சக்கரம் முன்னாலயும் இன்னொண்ணு பின்னாலயும் பிடிக்கும், ஒரு பக்கமா திருப்பும்போது பூட்டிக்கும். மூடி போடுறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியா தூக்கிச் சுத்திப் பாருங்க: முன்னோக்கிச் சுத்தினா ரீல் கூட வரணும், பின்னோக்கிச் சுத்தினா டிக் டிக் மட்டும் கேக்கணும். ரெண்டு பக்கமும் அப்படி இருந்தா லாக்கைப் போடுங்க.

மேடுபள்ளம் | ஜூன் 10, இரவு 8.10

சுத்துது. லாக் ஒண்ணு புல்லுக்குள்ள தெறிச்சுடுச்சு, தேடிக்கிட்டு இருக்கேன்.

சாணைக்கல் | ஜூன் 10, இரவு 8.15

காந்தம் கட்டின கயிறு. அது கிடைக்குற வரைக்கும் அந்த இடத்துல மோவரை ஓட்டிடாதீங்க.